பீப்பாயும் நானும் க்ஷேமம்

பிளெவென்,
ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை,
சமையலறை மேஜையிலிருந்து.

வழக்கறிஞர்களில் மாணிக்கமும், என் மனைவியின் ஒரே தம்பியும், சோபியா நகரில் மூன்று அறை வீட்டுக்குச் சொந்தக்காரருமான மைத்துனர் லியூபென் அவர்களுக்கு, அக்காள் புருஷன் எவ்ஸ்தாதி அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் பீப்பாயும் நானும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும், தங்கள் மனைவியும், குழந்தைகளும், இரண்டு வாரமாகத் தங்கள் கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டிருக்கும் என் மனைவி நெவெனாவும் க்ஷேமமாக இருக்க வேண்டும். அவளுக்கு இருமல் குறைந்ததா என்பதை மட்டும் முதலில் எழுதவும். நான் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. தாங்கள் எடுத்து, "அக்கா குளிக்கிறாங்க அத்தான்" என்கிறீர்கள். காலையில் கேட்டாலும் குளிக்கிறாள், மத்தியானம் கேட்டாலும் குளிக்கிறாள். ஒரு மனுஷி இத்தனை தடவை குளித்தால் இருமல் எப்படி மச்சான் குறையும்?

நிற்க. கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுக்காரர் சார்ஜென்ட் கதேவுக்குத் தாங்கள் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். குடியிருப்பவனுக்குச் சூடான அறையும் சுத்தமான காற்றும் சட்டப்படி உண்டு என்பதைத் தடித்த எழுத்தில் போட்டு, எத்தனை முத்திரை குத்த முடியுமோ அத்தனையும் குத்தி அனுப்பவும். அதைக் கண்டு அவர் நடுங்கி, பீப்பாயை எடுத்துப் போக, அறை சூடாகி, சுவர் காய்ந்து, தங்கள் அக்கா என்னிடம் திரும்பி வர வேண்டும். நான் ஆயுள் முழுக்க டிராலிபஸ் ஓட்டியவன் என்பது தங்களுக்குத் தெரியும். மேலே போகும் கம்பியை விட்டு விலகி எனக்குப் பழக்கமில்லை. விஷயத்தையும் அப்படியே, விலகாமல் சொல்லுகிறேன்.

வர்ணாவில் எங்கள் மகள் பல் ஆஸ்பத்திரி வைப்பதற்காக எங்கள் சொந்த வீட்டை விற்றுவிட்டு, போன கோடையில் இந்த நாலாம் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். (பல் ஆஸ்பத்திரி நன்றாக நடக்கிறது. அப்பாவுக்கு இலவசம் என்று சொன்னாள். போனேன், இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டாள். அது வேறு கதை, கம்பி நழுவுகிறது.) வீட்டைக் காட்டியவர் கதேவ். ராணுவ வாத்தியக் குழுவில் மிகப் பெரிய பித்தளைக் குழல் எதுவோ அதை ஊதியவர். மார்பு ஒரு அலமாரி அகலம் இருக்கும். அதே கட்டிடத்தில் தரைத்தளத்தில் அவரும் மனைவி இல்லாமல் தனியாக இருக்கிறார். வீடெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, படுக்கையறையைத் தாண்டி, கண்ணாடி போட்டு மூடிய பால்கனிக்கு அழைத்துப் போனார். "இந்த மூலையில மட்டும் என்னோட ஒரு சின்ன சாமான் இருக்கும். அது உங்களைத் தொந்தரவு பண்ணாது. நீங்களும் அதைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். அங்கே நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று காலியாக நின்றது. தங்கள் அக்கா அதன் மேல் ஒரு பூந்தொட்டியை வைத்து, "அழகா இருக்கு" என்று சொன்னாள். வெயில் காலத்தில் எதுதான் அழகாக இல்லை?

அக்டோபர் கடைசியில் லாரி வந்தது. மச்சான், குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறுகாய் போடாத பல்கேரியன் உண்டா? எனக்கு அதில் குறை இல்லை. எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் அவரவர் கோஸ் அவரவர் பால்கனியில் இருக்கும். இந்த மனிதரின் தரைத்தள வீட்டுக்கு அடியில்தான் ஊர் வெந்நீர்க் குழாய்கள் கட்டிடத்துக்குள் நுழைகின்றன. அங்கே ஜனவரியிலும் பனியனோடு திரிகிறார், ஜன்னல் திறந்தே கிடக்கிறது. அந்தச் சூட்டில் கோஸ் ஒரு வாரத்தில் கூழாகிவிடும். ஆகவே முழுக் கோஸ்களாக, என் மார்பு உயரப் பீப்பாய் நிறைய, உப்புத் தண்ணீரும் காட்டமான முள்ளங்கி வேரும் மக்காச்சோளமும் போட்டு எங்கள் படுக்கையறையை ஒட்டி ஊற வைத்தார். பூந்தொட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தங்கள் அக்கா அதை வாங்கிக்கொண்டு, "வாழ்த்துக்கள்" என்று வேறு சொன்னாள்.

குளிர் தொடங்கியது. ஊரெல்லாம் வெந்நீர் ஓடி, சுவரோரத்து ரேடியேட்டரில் சூடு வந்துவிட்டது. எங்கள் படுக்கையறை ரேடியேட்டர் மட்டும் பிரேதம் மாதிரி ஜில்லென்று கிடந்தது. வால்வைத் திறக்கப் போனால் திருகும் கைப்பிடியே இல்லை. கீழே போய்க் கேட்டேன்.

"நான்தான் கழற்றி வெச்சிருக்கேன்" என்றார், பனியனோடு.

"ஏன்?"

"பால்கனிக் கதவுல இடுக்கு இருக்கு. உங்க ரூம் சூடு பூரா வெளிய வந்துடும். கோசுக்குப் பத்து டிகிரிக்கு மேல ஆகாது."

"எங்களுக்குப் பத்து டிகிரி ஆகுமா சார்ஜென்ட்?"

"நீங்க ஸ்வெட்டர் போட்டுக்கலாம். கோஸ் ஸ்வெட்டர் போட்டுக்குமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வக்கீல், உங்களுக்குத் தோன்றினால் நோட்டீசில் சேர்த்துக்கொள்ளவும். (இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன் லியூபென், ஒவ்வொரு வினையையும் இழுத்து முடிப்பதற்குள் விரல் விறைக்கிறது.)

அதோடு விட்டாரா? கோஸ் போட்டால் தண்ணீரைக் கலக்கிக் கொடுக்க வேண்டுமே, அடியில் இருக்கும் உப்பு மேலே வர வேண்டுமே. நாம் எல்லோரும் கீழே குழாய் வைத்துப் பிடித்து மேலே ஊற்றுவோம். இவர் ஊதுகிறார்! ஒரு ரப்பர் குழாயை அடிவரை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து, ராணுவத்தில் கற்ற மூச்சையெல்லாம் அதில் இறக்குகிறார். பால்கனிக்கு வேறு வழி கிடையாது, எங்கள் படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும். அவரிடம் ஒரு சாவி இருக்கிறது. விடியும் முன்னே கதவு திறக்கும், பூட்ஸ் சத்தம் வரும், "படுங்க படுங்க, எந்திரிக்காதீங்க, நான் ஒருத்தன்தான்" என்று எங்கள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவார். உன் அக்கா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொள்வாள். அப்புறம் பால்கனியிலிருந்து கொப்புள கொப்புளமாகச் சத்தம் வரும். வெறும் ஊதல் என்றால்கூடப் பொறுக்கலாம், மச்சான். அணிவகுப்புத் தாளத்தில் ஊதுகிறார். நானே கண்ணை மூடியபடி இடது வலது, இடது வலது என்று காலை ஆட்டிக்கொண்டிருப்பதை நெவெனா ஒருநாள் பிடித்துவிட்டாள்.

அத்தனை ஈரமும் எங்கே போகும்? கண்ணாடி வியர்க்க ஆரம்பித்தது. பிறகு சுவர் வியர்த்தது. கட்டில் தலைமாட்டில் கறுப்பாக ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொன்று, கிறிஸ்துமஸ் வருவதற்குள் சுவரே புள்ளிக்கோழி நிறத்துக்கு வந்துவிட்டது. உன் அக்காவுக்கு இருமல் பிடித்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுல பூசணம் இருக்கா?" என்றார். "பூசணத்துலதான் எங்க வீடு இருக்கு" என்றாள். அறை சூடாக, காய்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த இருமல் நெஞ்சில் வீடு கட்டிக் குடியேறிவிடும் என்றார். அன்று நான் பயந்துபோனேன், லியூபென். விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுநாளே ஒரு மின்சார ஹீட்டர் வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். வாசலில் இருக்கும் மின்மீட்டர் சுற்றுகிற வேகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், நாங்கள் உள்ளே ஏதோ தொழிற்சாலை நடத்துகிறோமா என்று கேட்டார். மூன்றாம் நாள் காலை சார்ஜென்ட் ஊத வந்தவர், நின்று மோந்து பார்த்து, "இங்க அனலடிக்குதே!" என்று ஹீட்டரைப் பிளக்கோடு பிடுங்கிச் சமையலறையில் கொண்டு வைத்துவிட்டுப் போனார்.

சரி, சட்டப்படி போவோம் என்று முடிவு செய்தேன். முதலில் கட்டிட நிர்வாகி வித்கா அம்மையாரைக் கூப்பிட்டேன். டார்ச் லைட்டோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள், நாக்கைச் சப்புக்கொட்டினாள். "ஜன்னலைத் திறந்து வைக்கணும் நெவெனா. காத்து போக வரணும்" என்றாள். "திறந்து வெச்சா எதிர்க்காத்து அடிச்சுக் கழுத்து பிடிச்சுக்குமே" என்றாள் உன் அக்கா. "அதுவும் சரிதான், எதிர்க்காத்து பொல்லாதது, மூடியே வைங்க" என்றாள் நிர்வாகி. இந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டு டார்ச்சைப் பால்கனிப் பக்கம் திருப்பினாள். "ஐயோ, யாரோட பீப்பாய் இது?" மூடியைத் தூக்கினாள். ஒரு இலையைக் கிள்ளினாள். மென்றாள். கண்ணை மூடினாள். "முள்ளங்கி வேர் இன்னும் ரெண்டு துண்டு போடலாம். மத்தபடி கை தேர்ந்த வேலை" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்க் கதேவிடமே பாராட்டிவிட்டாள்.

அடுத்து ரேடியேட்டர் கணக்கு எடுக்கும் மனிதர். எங்கள் ரேடியேட்டர் மேல் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டியைப் பார்த்து, "பூஜ்யம்" என்றார். பூஜ்யத்துக்கு ஏன் ஐயா சூட்டுக் கட்டணம் வருகிறது என்று கேட்டேன். "இது கட்டிடக் குழாய்க்கு. குழாய் உங்க சுவர் வழியா மேல போகுதில்ல, அதுல சூடு இருக்கில்ல, அதுல கொஞ்சம் உங்களுக்கு வருதில்ல" என்றார். "ரயில்கூடத்தான் எங்க ஜன்னலுக்குக் கீழ போகுது, அதுக்கும் நான் டிக்கெட் வாங்கணுமா?" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே பால்கனியை எட்டிப் பார்த்தார். புது வருஷத்துக்கு மறுநாள் அது. முகம் வீங்கி வந்திருந்தார். "அண்ணே, கோஸ் தண்ணி ஒரு டம்ளர் கிடைக்குமா? தலை ரெண்டாப் பிளக்குது" என்றார். கொடுத்தேன். மனுஷனுக்கு மனுஷன் அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? குடித்துவிட்டு இன்னொரு போத்தலில் பிடித்துக்கொண்டு போனார். கட்டணம் அப்படியேதான் வந்தது.

கடைசியாகச் சுகாதார அதிகாரியம்மா. காற்றில் எத்தனை ஈரம் என்று காட்டும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நடந்தாள். கருவி கீச்சென்று கத்தியது. "இது படுக்கையறையில்ல, கிணறு" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "எழுதுங்கம்மா, நல்லா எழுதுங்க" என்று நாற்காலி போட்டேன். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பால்கனிக்குப் போனாள். போனவள் நெடுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் முழங்கைவரை பீப்பாய்க்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள்! "ஒரு சீமை மாதுளை வெட்டிப் போட்டா வாசனை தூக்கும், எங்க அம்மா அப்படித்தான் போடுவாங்க" என்றாள். அவள் எழுதிக் கொடுத்ததை நீயே பார்க்கலாம், பிரதி இணைத்திருக்கிறேன்: அறையின் காற்று வாழத் தகுதியற்றது, கோஸ் மிகவும் திருப்திகரம். கதேவ் இரண்டாவது வரியை மட்டும் சத்தம் போட்டுப் படித்தார்.

நானும் தின்றேனா என்று நீ கேட்பாய். வக்கீலிடம் மறைக்கக் கூடாது. தின்றேன். வாடகைக்காரன் தன் படுக்கையறையை ஒட்டியிருக்கும் கோசில் ஓரிரண்டு தலை எடுத்துத் தின்றால் சட்டம் அதை எப்படிப் பார்க்கும் என்று தனியாக எழுது. அந்த இலையில் அரிசியும் இறைச்சியும் சுருட்டி நெவெனா ஒரு ஞாயிறு வேக வைத்தாள் பார், பேசக்கூட முடியவில்லை. இதை நோட்டீசில் போடாதே.

ஜனவரி ஆறாம் தேதி ஜோர்டான் திருநாளுக்கு மறுநாள்தான் அவள் கிளம்பினாள். நான் அப்போது கட்டில் மேல் நின்றுகொண்டு, சுவரில் பூசணம் எந்தப் பக்கம் பரவுகிறது, பீப்பாயின் ஈரம் எப்படி மேலே ஏறுகிறது, கதேவ் ஊதும் ஊதலால் எவ்வளவு கூடுகிறது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இருமிக்கொண்டே கேட்டாள். பிறகு எழுந்து பெட்டியை எடுத்தாள், கோட்டை மாட்டினாள். "எங்க போறே? நான் இன்னும் முடிக்கலையே?" என்றேன். "என் தம்பி வீட்டுக்கு" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. பனிக்காலத்தில் சாதா ஷூவோடு போய்விட்டாள், பூட்ஸ் இங்கேயே நடையில் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், வருகிறேன். அந்தப் பூட்ஸைப் பார்க்கச் சகிக்கவில்லை, லியூபென். பீப்பாய்தான் அவளைத் துரத்தியது. பீப்பாயை ஒழித்தால் அவள் வருவாள். அதனால்தான் நோட்டீஸ்.

இப்போது கேள், நல்ல செய்தி. கதேவ் ரூசே ஊருக்குப் பழைய வாத்தியக்காரர்களைப் பார்க்கப் போயிருக்கிறார், ஒரு வாரம் வர மாட்டார். போகும்போது, "தினம் ஒரு தடவை ஊதி விடு எவ்ஸ்தாதி, கோஸ் ஏங்கிப் போயிடும்" என்று ரப்பர் குழாயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பஸ் ஏறியதும் நான் இடுக்கியை எடுத்தேன். வால்வைத் திருகினேன். கொடக் என்றது, சீறியது, சூடு வந்துவிட்டது! நேற்று இரவு சட்டையில்லாமல் தூங்கினேன். சுவர் காய்கிறது, கறுப்புப் புள்ளியெல்லாம் சுரண்டினால் உதிர்கிறது. இது என் உரிமை, எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். ஆகவே நெவெனாவிடம் சொல்: அறை தயார், அத்தான் வென்றுவிட்டார், உடனே வரவும். கதேவ் திரும்பி வந்து வால்வை மூடுவதற்குள் உன் நோட்டீஸ் வந்து சேர வேண்டும். எக்ஸ்பிரஸ் தபாலில் போடு.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. தங்கள் மனைவிக்கு என் மரியாதை. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், இருவரும் அப்பாவைப் போல் படித்து, மாமாவைப் போல் வாடகை வீட்டில் மாட்டாமல் இருக்கட்டும். புனித நிக்கோலா தங்கள் வீட்டுக் குழாய்களைக் கொதிக்கக் கொதிக்க வைத்திருக்கட்டும். அக்காளைக் குளியலறையிலிருந்து வெளியே வரச் சொல்லவும்.

இப்படிக்கு,
சூடான அறையில், ஆனால் தனியாக,
தங்கள் அன்புள்ள அத்தான்
எவ்ஸ்தாதி.

பி.கு. நோட்டீஸ் அனுப்பாதே. அனுப்பியிருந்தால் தபால்காரனைத் துரத்திப் பிடி.

மேலே இருப்பதை ஞாயிற்றுக்கிழமை எழுதினேன், இன்று வியாழன். தபால்தலை வாங்கப் போகலாம் என்று திங்கட்கிழமை கோட்டை மாட்டினேன். மாட்டும்போதே ஒரு வாடை வந்தது. பால்கனிக் கதவைத் திறந்தால் ஆள் விழுந்துவிடுவான். என் அறைச் சூடெல்லாம் அந்த இடுக்கு வழியாகப் போய்ப் பீப்பாயைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது! விரலை விட்டேன், தண்ணீர் எச்சில் மாதிரி நூலாக வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதேவ் எனக்கு எதிரி, சரி. கோஸ் எனக்கு என்ன செய்தது? பிறந்த நாளிலிருந்து இதைத் தின்றே வளர்ந்தவன் கையால் ஒரு பீப்பாய் கோஸ் அழுகினால் ஊர் காறித் துப்பாதா? வால்வை நானே மூடினேன், என் கையாலேயே. பால்கனிக் கண்ணாடி அத்தனையும் திறந்து விட்டேன், பனி உள்ளே வந்து விழுந்தது. மேலே மிதந்த இரண்டு கோஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோட்டு, தொப்பி, கையுறையோடு மண்டி போட்டு, ரப்பர் குழாயை வாயில் வைத்து ஊதினேன். நமக்கு ஏது அந்த மூச்சு? இரண்டாம் ஊதலில் கண்ணில் பூச்சி பறந்தது. மூன்றாம் ஊதலில் மூச்சை உள்ளே இழுத்துவிட்டேன், அரை லிட்டர் கோஸ் தண்ணீர் வயிற்றுக்குள் போனது.

அப்படி இருமிக்கொண்டு கிடக்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது: "பூட்ஸ் எடுக்க வந்தேன்."

உன் அக்கா! அவள் கிளம்பியதை நீ எனக்குச் சொல்லியிருக்கலாம். கோட்டைக் கழற்றவில்லை. என்னைப் பார்த்தாள், பனியைப் பார்த்தாள், பீப்பாய்க்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"யாரு இதைச் சூடாக்கினது?"

"நான்தான்."

"ஏன்?"

"நீ வருவேன்னு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் இருமுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்ததை மறைக்க நான் இன்னொரு தடவை ஊதினேன். பிறகு எழுந்து இடுக்கியை எடுத்தாள், ரேடியேட்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், போனை எடுத்தாள். கதேவ் அன்று காலைதான் ரூசேயிலிருந்து திரும்பியிருந்தார், வாத்தியக்காரர்கள் முதல் நாளே சண்டை போட்டுக்கொண்டார்களாம்.

"சார்ஜென்ட் அண்ணே, நெவெனா பேசறேன். இப்ப என் கை எங்க இருக்கு தெரியுமா? வால்வு மேல. மூணு நாள் திறந்திருந்ததுக்கே கோஸ் நூல் விட்டுடுச்சு. இன்னும் ஒரு ராத்திரி திறந்தா சூப்பாயிடும். மேல வரீங்களா, திருகட்டுமா?"

பனியனும் செருப்புமாக நாலு மாடியும் ஏறி வந்தார் அந்த மனிதர். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

"அதுல இருந்து கையை எடும்மா. எதுவானாலும் பேசித் தீர்த்துக்கலாம்."

"பேசலாம். இந்தக் கதவு இடுக்குல ரப்பர் ஒட்டி அடைங்க, உங்க கையால. அப்புறம் இங்க சூடு இங்கயே இருக்கும், அங்க குளிர் அங்கயே இருக்கும். பால்கனி ஜன்னல் ராத்திரி பகல் திறந்தே இருக்கட்டும், ஈரம் வெளிய போகும். வால்வுக்குக் கைப்பிடி வரணும். சுவரைச் சுரண்டி நீங்களே சுண்ணாம்பு அடிக்கணும்."

"சரிம்மா, சரி."

"சாவி."

சாவியைக் கழற்றிக் கொடுத்தார், மச்சான்! நானே பார்த்தேன்.

"ஊதறதுக்குப் பத்து மணிக்கு வாங்க, கதவைத் தட்டிட்டு. சட்டை போட்டுக்கிட்டு. அப்புறம் பீப்பாயில பாதி எங்களுக்கு."

"பாதியா! இது அநியாயம்!"

"வால்வு ரொம்ப லேசாத்தான் இருக்கு அண்ணே. தொட்டாலே திரும்பிடும் போல."

"பாதி, பாதி! எடுத்துக்கோ தாயே, கையை எடு!"

இத்தனை நாளும் நிர்வாகி, கணக்குக்காரர், சுகாதாரம், சோபியா வக்கீல் என்று நான் நாடு முழுக்க அலைந்தேன். அவருடைய உயிர் எங்கள் படுக்கையறைக்குள்ளேதான் நின்றுகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கதேவ் அன்றைக்கே ரப்பர் ஒட்ட வந்துவிட்டார். அவர் மண்டி போட்டு ஒட்டிக்கொண்டிருக்க, நெவெனா சமையலறை மேஜையில் கிடந்த இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தாள். எல்லாப் பக்கமும் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு போராடியிருக்கிறாரே என்று உருகுவாள் என நினைத்தேன். மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, அந்தப் பீப்பாயோட நான் மார்ச் மாசம் வரைக்கும் இருந்திருப்பேன். பீப்பாயைப் பத்திக் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பேசற ஆளோடதான் இருக்க முடியல. எனக்கு இருமல், நீங்க என்னைப் பார்த்துப் பேசவே இல்ல, சுவரைப் பார்த்துப் பேசினீங்க."

வால்வுக்கு மேலே கை வைத்துச் சொல்கிறேன், அவள் சொன்னது சரி.

"அப்ப... பூட்ஸ் எடுத்துட்டுப் போயிடுவியா?" என்று கேட்டேன். அவள் நடைக்குப் போய்ப் பூட்ஸை எடுத்தாள், துணியால் துடைத்தாள், கூட இருந்த என் பூட்ஸையும் துடைத்தாள், இரண்டையும் ரேடியேட்டருக்குக் கீழே சேர்த்து வைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் பீப்பாய்ப் பேச்சு கிடையாது என்பது உத்தரவு. அறை சூடாக இருக்கிறது, சுவர் வெள்ளையாக இருக்கிறது, பால்கனியில் கதேவ் சட்டை போட்டுக்கொண்டு நாகரிகமாக ஊதுகிறார். உன் அக்கா இன்று காலையிலிருந்து ஒரு தடவைதான் இருமினாள், அதுவும் என்னைக் கூப்பிடுவதற்காக. கடிதத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "அனுப்புங்க, அனுப்புங்க. இருக்கிறதை எல்லாம் என் தம்பிகிட்டயே கொட்டித் தீர்த்துடுங்க, வீட்டுல மிச்சம் வைக்காதீங்க" என்று சொல்லித் தபால்தலையும் அவளே நக்கி ஒட்டினாள்.

ஆகையால் மேலே எழுதியதில் ஒன்றையும் நடவடிக்கைக்கு எடுக்காதே, ஒன்றையும் விடாமல் படி. பாதிப் பீப்பாயை எங்கே வைப்பது, அவர் பாதி எது எங்கள் பாதி எது, கோடு நெட்டாகவா குறுக்காகவா என்று பேச வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது, இங்கே வாய் திறக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். நீ குளிக்கப் போய்விடாதே.